கோச்சி நின்ற இடம்

(ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் கும்மிடிப்பூண்டிப் பகுதி அரசுப் பள்ளியின் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரை)



மதிய உணவு முடிந்த கையோடு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஐந்தாவது பாடவேளை எடுத்துப் பழகிய கூட்டம் நாம். அதனால் யாராவது கண்ணயர்ந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது நம் மாவட்டத்தில் இல்லை. அங்கே ரயில் வந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இருந்தும் அந்த நிலையம் கும்மிடிப்பூண்டியில் என் வகுப்பறைக்குள் வந்தது. அது வந்த வழியில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எங்கள் ஊர் ரயில் நிலையம்' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். அதற்கு முந்தைய வகுப்பில் நம் மாவட்டத்தின் ரயில் கதையைச் சொல்லியிருந்தேன். 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுவதற்கான செம்புறைக்கல்லை ஏற்றி வர இருப்புப் பாதை போட்டார்கள் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. "செங்குன்றத்துல ஸ்டேஷனே கிடையாதே சார்!" என்றான் ஒருவன். மும்பையில் 1853-இல் ஓடியது முதல் பயணிகள் ரயில், செங்குன்றத்தில் ஓடியது கல் ஏற்றிய வண்டி. 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் 'எதில் முதல்?' என்று கேட்க வேண்டும் என்றேன். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் திருவள்ளூர் வழியாகத்தான் போனது என்பதையும், நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் போகும் பாதை 1899-இல் வந்தது என்பதையும் சொன்னேன்.

பிள்ளைகள் எழுதி வந்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. நடைமேடை, மின்சார ரயில், சிப்காட், காலையில் கூட்டம். நான்கைந்து நோட்டு தள்ளி ஒரு மாணவியின் நோட்டு வந்தது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை. அவள் இப்படித் தொடங்கியிருந்தாள்: 'எங்கள் ஊர் ஸ்டேஷன் தனுஷ்கோடி. இப்போது அங்கே கோச்சி வராது. என் கொள்ளுத் தாத்தா கோச்சியில் வந்து அங்கே கப்பல் ஏறினார்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கோச்சி' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மேலே 'ரயில்' என்று எழுதினேன். 'எங்கள் ஊர்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அடியில் 'தலைப்பைப் படித்துவிட்டு எழுதவும்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கட்டுக்கட்டாக நோட்டுத் திருத்தும்போது நம் கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் கை தூக்கவில்லை. நான் அதையும் கவனிக்கவில்லை. எங்கள் பள்ளித் தமிழாசிரியைதான் ஒரு நாள் கேட்டார், "சார், அந்தப் பொண்ணு நோட்டுல கோச்சின்னு எழுதினதத் தப்புன்னு போட்டீங்களாமே? சிலோன்ல ரயிலைக் கோச்சின்னுதான் சொல்லுவாங்க." எனக்குச் சுருக்கென்றது. நான் திருத்தி எழுதிய 'ரயில்' மட்டும் தமிழா? அதுவும் இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த சொல்தானே. ஒரு கரையில் ரயில் என்றார்கள், மறு கரையில் கோச்சி என்றார்கள். நான் ஒரு கரையின் பாட்டி சொன்ன சொல்லை மறு கரையின் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையின் பாட்டி வந்தார். நான் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "தனுஷ்கோடிக் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். முகாமில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் பதிவேட்டோடு வருபவர்கள். நான் நோட்டை மூடி வைத்தேன். பிறகு பேசினார்.

அவருடைய அப்பா புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பொய்த்த வருடத்தில் கங்காணியோடு சிறு வயதிலேயே புறப்பட்டவர். மண்டபத்தில் சில நாள் வைத்திருந்து, உடம்பைச் சோதித்து, ரயிலில் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கே கப்பல். அக்கரையில் மறுபடியும் கோச்சி. மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. பாட்டி பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். 1977 கலவரத்தில் வீடு போய் வவுனியாவுக்கு வந்தார்கள். 1990-இல் சண்டை மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகில் ஏறினார்கள். படகுக்காரர் இரவில் இறக்கிவிட்டுப் போன மணல்திட்டு தனுஷ்கோடியை ஒட்டியது. விடிந்ததும் இடிந்த சுவர்கள் தெரிந்தன. அங்கிருந்து அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் மண்டபம் முகாம். அப்பா காத்திருந்த அதே மண்டபம்.

கடைசியில் அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. "எங்கப்பா டிக்கெட்டோட போனவர், சேர். நாங்க டிக்கெட் இல்லாம வந்தோம். இடம் ஒண்டுதான்."

அந்த இரவு நான் படிக்க உட்கார்ந்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; வகுப்பில் உங்களுக்குப் பயன்படும்.

தனுஷ்கோடி இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனை. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய மணல் நாக்கு. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் ரயில் பாதை வந்துவிட்டது. அப்போதெல்லாம் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். கடலில் நீண்ட பயணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் பாதை சுமார் 35 கிலோமீட்டர்தான். இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். பாம்பன் கால்வாய்மேல் ஒரு பாலம் போட்டால் போதும்.

அந்தப் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. 145 கண்கள், நடுவே கப்பல் போகும்போது இரண்டாகப் பிளந்து மேலே தூக்கும் பகுதி, நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதே ஆண்டு அக்கரையில் தலைமன்னார் வரை இலங்கையின் பாதையும் வந்தது. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், கொழும்பு வரை மறுபடியும் ரயில். 'போட் மெயில்' என்று மக்கள் சொன்ன வண்டி இதுதான். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் இந்த வழியில் ஓடின.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் வரைபடத்தில் காட்டுங்கள். இன்று பாம்பனிலிருந்து இராமேசுவரம் போவது முக்கியப் பாதை என்று நினைக்கிறோம். அன்று முக்கியப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனது. கோவில் நகரமான இராமேசுவரத்துக்குப் போனது கிளைப் பாதை. வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகும் கூட்டம் அவ்வளவு பெரிது.

ரயில் நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, மாதா கோவில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. பள்ளிக்கூடம் என்ற சொல்லில் ஒரு கணம் நில்லுங்கள். அங்கேயும் நம்மைப் போல ஓர் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டிருப்பார்.

அந்த நடைமேடையில் இரண்டு விதமான பயணிகள் நின்றார்கள். மெத்தை வைத்த பெட்டியில் வந்த அதிகாரிகளும் வணிகர்களும் ஒரு பக்கம். தோட்டத் தொழிலாளர்கள் இன்னொரு பக்கம். அந்தத் தொழிலாளர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. வில்லையைப் பார்த்தால் ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்று தெரிந்துவிடும்; பெயர் கேட்க வேண்டியதில்லை. மண்டபத்தில் அவர்களைத் தங்கவைத்துச் சோதித்த முகாம் இலங்கை அரசு நடத்தியது. அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'மண்டபம் முகாம்' என்று இருப்பதன் காரணம் அதுதான். தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அந்த 'முகாம்' யாருடைய முகாம் என்று கேட்பதில்லை.

1939-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வர வேண்டிய கப்பலும் இதே வழிதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு. அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல் இலங்கையைத் தாண்டி வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பயணிகள் வண்டி நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். நிலையத்தை நெருங்கும் இடத்தில் கைகாட்டி விழவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார், பிறகு மெல்ல நகர்த்தினார். எழுந்து வந்த கடல் வண்டியை அப்படியே கொண்டுபோனது. தந்திக் கம்பிகள் அறுந்திருந்ததால் வெளி உலகுக்கு உடனே ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புயலில் இறந்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்கிறார்கள்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் தூலங்கள் கடலில் விழுந்தன. அவற்றைக் கடலிலிருந்து தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார் ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் அவரே. பாலம் பிழைத்தது, தனுஷ்கோடி பிழைக்கவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாதை கைவிடப்பட்டது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி, 1980-களின் நடுவில் அதுவும் நின்றது. அக்கரையில் போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை மறுபடியும் போட்டு 2015 மார்ச்சில் ரயில் விட்டார்கள். இக்கரையில் தனுஷ்கோடிக்கு மறுபடியும் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை.

அந்த மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். இராமேசுவரத்திலிருந்து பேருந்து. பவளப்பாறைக் கல்லில் கட்டிய மாதா கோவிலின் சுவர், தண்ணீர்த் தொட்டி நின்ற தூண்கள், நிலையத்தின் சில சுவர்கள். சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள். படம் எடுப்பவர்கள் கூட்டம். 'பேய் நகரம்' என்று ஒருவர் கைப்பேசியில் வர்ணனை பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பேய் எதுவும் தெரியவில்லை. ஒரு பையன் கழுத்தில் தகர வில்லையோடு நிற்பதுதான் தெரிந்தது. என் சின்ன மகள், "அப்பா, இதுல எங்க டிக்கெட் குடுப்பாங்க?" என்று கேட்டாள். இடிந்த சுவர் ஒன்றில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைக் காட்டினேன். அது டிக்கெட் கொடுத்த இடம்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசிரியரின் வாய் அல்லவா, பதில் இல்லாமல் விடாது.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அந்த மாணவியைக் கூப்பிட்டு, பழைய நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நல்லவேளை, எடைக்குப் போடவில்லை. என் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், 'கோச்சி என்பது சரி. திருத்தியது என் பிழை' என்று எழுதித் தேதி போட்டுக் கையொப்பமிட்டேன். கேள்விக்குறியை அடித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். மதியம் ஐந்தாவது பாடவேளையில் கை தூக்கினாள்.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அதே வேலையை வேறு விதமாகச் செய்தோம். செய்முறையைச் சொல்கிறேன்; நீங்களும் செய்து பார்க்கலாம்.

தலைப்பை மாற்றினேன். 'எங்கள் ஊர் ரயில் நிலையம்' என்பதற்குப் பதில் 'எங்கள் வீட்டார் ஏறி இறங்கிய நிலையம்'. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் நான்கு கேள்விகள்: எங்கே ஏறினீர்கள்? எங்கே இறங்கினீர்கள்? கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? ஏன் வந்தீர்கள்? பதிலை அவர் பேசிய சொல்லிலேயே எழுத வேண்டும். திருத்தக் கூடாது. இது பிள்ளைக்குச் சொன்னதல்ல, எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

வந்ததைப் பார்க்க வேண்டுமே! திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சூளை வேலைக்கு வந்த குடும்பம். ஆந்திர எல்லை தாண்டிக் கல்யாணமாகி வந்த அம்மா. ஒடிசாவிலிருந்து சிப்காட் ஆலைக்கு வந்த அப்பாவின் மகன். தமிழ் எழுதத் திணறுகிறவன். அவன் வரைபடத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து கூடூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம் என்று ஒரே கோடாக இழுத்தான். ஹவுரா வரை போகும் பாதை நம் பள்ளிக்குப் பின்னால்தான் ஓடுகிறது என்று அன்றுதான் பாதி வகுப்புக்குத் தெரிந்தது. அவன் அப்பா கையில் கொண்டுவந்தது ஒரு போர்வையும் ஓர் அலுமினியக் குண்டானும். தகர வில்லை போட்டு அனுப்பிய தோட்டத்தையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியையும் பிள்ளைகளே பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்றப் பாடங்களும் வந்து சேர்ந்தன. ஒப்பந்தத்தின் மூன்று எண்களைக் கூட்டி விழுக்காடு கண்டார்கள்; 5,25,000 என்பது பாதிக்கு மேல் என்று தெரிந்ததும் ஒரு மாணவி, "அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா சார்?" என்றாள். அறிவியல் ஆசிரியர் ஆழமற்ற கடலில் புயல் அலை ஏன் அவ்வளவு உயரம் எழுகிறது என்று ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் காட்டினார். தமிழாசிரியை கோச்சி, புகையிரதம், தொடர்வண்டி, ரயில் என்று பலகையில் எழுதி, எந்தச் சொல் எந்தக் கரையில், யார் வாயில் என்று கேட்டார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் சொல்லக்கூடிய கதை இருக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு பிள்ளைகள் வெற்றுத் தாள் கொடுத்தார்கள். ஒன்றில் 'பாட்டி அழுதாங்க, கேக்கல' என்று மட்டும் இருந்தது. அந்தத் தாளுக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே மதிப்பெண் கொடுத்தேன். வகுப்பில் படிக்கச் சொல்லவில்லை. யாருடைய கதையையும் அவர்கள் வீட்டைக் கேட்காமல் சுவரில் ஒட்டவும் இல்லை. படகில் வந்த குடும்பத்திடம் தேதி, இடம் என்று துருவித் துருவிக் கேட்பதற்குப் பதிவேடுகள் இருக்கின்றன. வகுப்பறை இன்னொரு பதிவேடு ஆகிவிடக் கூடாது.

நாம் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதலில் கேட்பது என்ன? "உன் சொந்த ஊர் எது?" எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்கும் அது வேண்டும். கேட்பதில் தவறில்லை. ஆனால் முகாமில் பிறந்த பிள்ளை, செங்கல் சூளையில் பிறந்த பிள்ளை, வருடத்துக்கு இரண்டு பள்ளி மாறும் பிள்ளை அந்தக் கேள்வியில் தடுமாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை ஊர்ப் பெயரை எதிர்பார்க்கிறோம். அவர்களிடம் இருப்பது ஒரு பாதை. தனுஷ்கோடி 'எங்கள் ஊர் ஸ்டேஷன்' என்று அந்தப் பிள்ளை எழுதியது தலைப்பைப் படிக்காமல் அல்ல. தன் குடும்பம் போனதும் வந்ததும் அந்த ஒரே இடத்தில் என்பதால் எழுதினாள். என்னைவிட நன்றாகவே தலைப்பைப் படித்திருந்தாள்.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் போவாள். சில நாள் நடைமேடையில் பார்ப்பேன். "கோச்சி வந்திருச்சா?" என்று நான்தான் கேட்பேன். சிரிப்பாள்.

திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். வரும் தாள்களைத் திருத்தும்போது மட்டும் சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.